நீதிபதி டீ கதைகளுக்குள் நுழைவது எப்படி? புதிய வாசகருக்கு ஒரு வழிகாட்டி

ஏழாம் நூற்றாண்டுச் சீனத்தில், தாங் பேரரசின் காலத்தில், ஒரு மாவட்ட நீதிபதி கொலை வழக்குகளைத் துலக்கும் கதைகளை டச்சுத் தூதரக அதிகாரியான ராபர்ட் வான் குலிக் ஆங்கிலத்தில் எழுதினார். நாவல்கள், குறுநாவல்கள், சிறுகதைகள் என எல்லாம் சேர்த்துப் பதினாறு நூல்கள். அவற்றின் நாயகரான நீதிபதி டீ உண்மையில் வாழ்ந்தவர். டி ரென்ஜியே என்ற பெயருடன் 630 முதல் 700 வரை வாழ்ந்து, பேரரசி வூவின் அமைச்சராக உயர்ந்தவர்.

இந்தக் கதைகளைத் தேடிப் போகும் புதிய வாசகர் பெரும்பாலும் மூன்று இடங்களில் திணறுகிறார். எதை முதலில் படிப்பது என்று தெரிவதில்லை. ஒரே நூல் வெவ்வேறு தலைப்புகளில் விற்பனைக்குக் கிடைப்பதால் எதை வாங்குவது என்று புரிவதில்லை. வாங்கிப் படிக்கத் தொடங்கியதும் சீனப் பெயர்களும் பழைய நீதிமன்ற நடைமுறையும் முன்னே போக விடுவதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாமல் இந்த மூன்றையும் கடந்து வந்தவன் என்பதால், அடுத்து வருபவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று இதை எழுதுகிறேன். மூன்றில் கடைசியானதே முக்கியமானது என்பது என் உறுதியான எண்ணம். அந்த நீதிமன்றம் எப்படி இயங்கியது என்று தெரியாமல் படித்தால் கதையின் பாதிச் சுவை கைக்கு வராது. ஆகவே அந்தப் பகுதியைச் சற்று நீட்டியே எழுதியிருக்கிறேன்.

1. முதல் நூலைத் தேர்ந்தெடுங்கள்

'தி சைனீஸ் கோல்ட் மர்டர்ஸ்' என்ற நாவலில் தொடங்குங்கள். 1959இல் வெளியான இந்நூலின் கதை 663ஆம் ஆண்டில் நடக்கிறது. தலைநகரில் ஆவணங்களைப் புரட்டிக்கொண்டிருந்து சலித்த இளம் அதிகாரி டீ, தானே கேட்டுப் பெற்ற முதல் மாவட்டப் பதவிக்காக வடகிழக்குக் கடற்கரையிலுள்ள பெங்லாய்க்குப் புறப்படுகிறார். அங்கே அவருக்கு முன் பதவியில் இருந்தவர் தன் நூலக அறையில் நஞ்சு கலந்த தேநீரால் இறந்திருக்கிறார். வழியில் டீயைக் கொள்ளையடிக்க வரும் மா ஜூங், சியாவ் தாய் என்ற இருவரும் அவருடனேயே சேர்ந்துவிடுகிறார்கள். பின்வரும் நூல்களில் நீங்கள் அடிக்கடி சந்திக்கப்போகும் உதவியாளர்கள் இவர்கள்தாம். எல்லாருக்கும் இது புதிய ஊர், புதிய வேலை. அதனால் நீதிபதிக்கு விளக்கப்படுவது வாசகருக்கும் விளங்கிவிடுகிறது.

அதன்பின் வெளியீட்டு ஆண்டைப் பார்க்காமல், கதை நடக்கும் ஆண்டைப் பின்பற்றிப் போவதே நல்லது. டீயின் பதவி மாற்றங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 663இல் பெங்லாய், 666இல் ஹான்யுவான், 668இல் பூயாங், 670இல் வடமேற்கு எல்லையிலுள்ள லான்ஃபாங், 676இல் வடக்கே பெய்சோவ், அதற்கு மறு ஆண்டில் தலைநகரில் தலைமை நீதிபதி, 681இல் தென்சீனத் துறைமுகமான கான்டனுக்குப் பயணம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பெரிய நாவல் உண்டு. 'தி சைனீஸ் ... மர்டர்ஸ்' என்ற தலைப்புகளின் நடுச்சொல்லை மட்டும் சொன்னால், அவற்றின் வரிசை 'கோல்ட்', 'லேக்', 'பெல்', 'மேஸ்', 'நெயில்' என்று அமையும். தலைநகருக்கு 'தி வில்லோ பேட்டர்ன்', கடைசியாக 'மர்டர் இன் கான்டன்'. மற்ற நூல்களை இவற்றின் இடையிடையே, அந்தந்த ஊருக்கு வரும்போது படிக்கலாம்.

இந்த வரிசையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உதவியாளர்களின் வாழ்க்கை. கணக்கர் போன்ற தோற்றமும் ஏமாற்றுக்காரரின் மூளையும் கொண்ட தாவ் கான் எப்படி வந்து சேர்ந்தார், யார் எப்போது என்ன ஆனார்கள் என்பவை நூல்களினூடே தொடர்ந்து வளர்கின்றன. 'நெயில்' நாவலையும் 'கான்டன்' நாவலையும் முன்கூட்டியே படித்துவிட்டால், மற்ற நூல்களில் அந்த மனிதர்களைப் பழைய கண்ணால் பார்க்க முடியாது. 'ஜட்ஜ் டீ அட் ஒர்க்' என்ற சிறுகதைத் தொகுப்பின் முடிவில் ஆசிரியரே ஒரு காலவரிசை கொடுத்திருக்கிறார். ஆண்டையும் ஊரையும் மட்டும் பார்த்துவிட்டு விவரக் குறிப்புகளைப் படிக்காமல் மூடிவிடுங்கள்.

நேரம் குறைவாக இருப்பவர், ஒரு நாவலை வாங்கும் முன் சுவை பார்க்க விரும்புபவர், அந்தச் சிறுகதைத் தொகுப்பில் தொடங்கலாம். எட்டுக் கதைகள், ஒவ்வொன்றையும் ஒரே அமர்வில் முடித்துவிடலாம். ஒரு மழை இரவில், ஒரு மலைமடத்துக்குள்ளேயே தொடங்கி முடியும் 'தி ஹான்டட் மோனஸ்ட்ரி'யும் அப்படிப்பட்டவருக்கு ஏற்றது.

2. வாங்கும் முன் பதிப்பைச் சரிபாருங்கள்

இந்தத் தொடர் முழுவதையும் ஒரே பதிப்பகம் வெளியிடவில்லை. சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் பெரும்பகுதியையும், ஹார்ப்பர் பெரென்னியல் சிலவற்றையும் கொண்டுவந்தன; டோவர் பதிப்பகம் தனியாகச் சிலவற்றை மறுபதிப்புச் செய்தது. ஒரே அளவில், ஒரே முகப்பில் முழுத் தொகுதியாக வாங்கிவிடலாம் என்று காத்திருந்தால் வாங்கவே மாட்டீர்கள். கிடைப்பதை வாங்குங்கள்.

இரட்டைச் செலவு இரண்டு இடங்களில் நேரும். முதலாவது, 'பொயட்ஸ் அண்ட் மர்டர்' என்ற கடைசி நாவல் 'தி ஃபாக்ஸ் மேஜிக் மர்டர்ஸ்' என்ற பெயரிலும் வெளிவந்தது. பழைய புத்தகக் கடையில் இரண்டாவது பெயரைப் பார்த்து, படிக்காத நூல் அகப்பட்டது என்று மகிழ்ந்துவிட வேண்டாம். இரண்டாவது, டோவர் பதிப்பகம் 'ஹான்டட் மோனஸ்ட்ரி'யையும் 'சைனீஸ் மேஸ் மர்டர்ஸ்' நாவலையும் ஒரே அட்டைக்குள் சேர்த்து வெளியிட்டது. அதை வாங்குபவர் அவ்விரண்டையும் தனித்தனியே வாங்கத் தேவையில்லை. அதே நீதிபதியை நாயகராக வைத்துப் பிற்காலத்தில் வேறு எழுத்தாளர்களும் நாவல்கள் எழுதியிருக்கிறார்கள், திரைப்படங்களும் வந்திருக்கின்றன. ஆகவே இணையக் கடையில் நாயகரின் பெயரைத் தட்டித் தேடாமல், ஆசிரியரின் பெயரைத் தட்டித் தேடுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, புதிய பிரதிகள் இறக்குமதி நூல்கள் என்பதால் டாலர் மதிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும். ஒரே நூலுக்கு இரண்டு விற்பனையாளர்கள் கேட்கும் விலையில் பெரிய வேறுபாடு இருக்கக்கூடும்; அஞ்சல் செலவையும் சேர்த்து ஒப்பிட்டுப் பாருங்கள். கையிருப்பில் இல்லாத நூலைக் கடைக்காரர் வரவழைத்துத் தருவதற்குச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், முதல் நூலைப் படிக்கும்போதே இரண்டாவதற்குச் சொல்லி வைப்பது நல்லது. மொத்தமாகப் பத்து நூல்களை வாங்கிக் குவிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு நூல்கள் படித்த பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் அந்தப் பணம் முடங்கிப் போகும்.

மின்னூலா அச்சு நூலா என்று கேட்டால், அச்சு நூல் என்றே சொல்வேன். நாவல்களின் தொடக்கத்தில் பெரும்பாலும் ஊரின் வரைபடம் ஒன்று இருக்கும். நீதிமன்றம் எங்கே, கோயில் எங்கே, எந்த வாசலுக்கு அருகே கால்வாய் ஓடுகிறது என்பதெல்லாம் அதில் எண்ணிட்டுக் காட்டப்பட்டிருக்கும். கொலை நடந்த வீட்டிலிருந்து ஒருவன் எந்த வழியாக ஓடியிருப்பான் என்று பார்க்க, படித்துக்கொண்டே அந்தப் பக்கத்துக்குத் திரும்பித் திரும்பிப் போவீர்கள். கைப்பேசித் திரையில் அது முடியாத காரியம். மிங் காலத்து (1368–1644) மரச்செதுக்கு ஓவியங்களின் பாணியில் ஆசிரியரே வரைந்த படங்களும் அச்சில்தான் தெளிவாகத் தெரியும்.

3. நீதிமன்றத்தின் விதிகளை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்

மாவட்ட நீதிபதி என்ற பதவி நாம் அறிந்த எந்தப் பதவியோடும் முழுமையாகப் பொருந்தாது. வரி வசூல், மக்கள் பதிவேடு, ஊர்க்காவல், குற்றப் புலனாய்வு, வழக்கு விசாரணை, தீர்ப்பு ஆகிய அனைத்தும் ஒரே மனிதரின் பொறுப்பு. மக்கள் அவரைத் தாயும் தந்தையுமான அதிகாரி என்றார்கள். அவர் தன் சொந்த மாநிலத்தில் பதவி வகிக்கக்கூடாது; ஓர் ஊரில் வழக்கமாக மூன்று ஆண்டுகள் இருப்பார். ஆகவே ஒவ்வொரு முறையும் அவர் யாரையும் அறியாத ஊருக்கு, உள்ளூர் எழுத்தர்களையும் காவலர்களையும் நம்பியே வருகிறார். டீ தன்னோடு சொந்த உதவியாளர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவதன் காரணம் இதுதான்.

கதைகளில் நீதிமன்றம் ஒரு நாளைக்குக் காலை, நண்பகல், மாலை என மூன்று முறை கூடும். வாயிலிலுள்ள பெரிய வெண்கலச் சேகண்டி முழங்கியதும் பொதுமக்கள் உள்ளே வருவார்கள். பச்சைப் பட்டு அங்கியும் இருபுறமும் சிறகு விரித்த கருந்தொப்பியும் அணிந்து நீதிபதி மேடையில் அமர்வார். செந்நிறத் துணி விரித்த அவரது மேசையில் முத்திரையும், கரிய மையும், செம்மையும், சிறு மரக்கட்டையும் இருக்கும். அந்தக் கட்டையை மேசையில் தட்டினால் கூடம் அமைதியாகிவிடும். கீழே கல்தரையில் முறையிடுபவரும் குற்றஞ்சாட்டப்பட்டவரும் மண்டியிட்டிருப்பார்கள். வழக்கறிஞர் என்று எவரும் கிடையாது. விசாரணை முழுவதும் பொதுமக்கள் முன்னிலையில் நடக்கும். மக்களின் முணுமுணுப்புக்கு நீதிபதி செவிகொடுத்தே ஆகவேண்டும், ஏனெனில் ஊர் கொந்தளித்தால் மேலிடம் அவரைத்தான் கேட்கும்.

இப்போது முக்கியமான விதிக்கு வருகிறேன். கதைகளின் உலகில், குற்றவாளி தானே ஒப்புக்கொள்ளாமல் அவனைத் தண்டிக்க முடியாது. தாங் சட்டத்தில், ஐயத்துக்கே இடமில்லாத சான்று இருந்தால் ஒப்புதலின்றியும் தீர்ப்பளிக்க வழி இருந்தது என்றாலும், வான் குலிக்கின் நாவல்கள் ஒப்புதலை ஏறக்குறையக் கட்டாயமாகவே வைத்திருக்கின்றன. இதன் விளைவைக் கவனியுங்கள். குற்றவாளி யார் என்பது நீதிபதிக்குப் பாதிக் கதையிலேயே தெரிந்திருக்கலாம். மீதிப் பாதியில் அவர் தேடுவது, அவனால் மறுக்கவே முடியாமற்போகும் ஒரு கணத்தை. அந்தக் கணத்துக்காகப் பொய்த் தோற்றங்கள், திடீர்க் கேள்விகள், கூடத்தில் எதிர்பாராமல் கொண்டுவந்து வைக்கப்படும் ஒரு பொருள் என்று பொறி வைக்கிறார். "கொலைகாரன்தான் தெரிந்துவிட்டானே, இன்னும் ஏன் நீட்டுகிறார்?" என்று புதிய வாசகர் சலித்துக்கொள்ளும் இடம் இதுதான், இதுவே கதையின் உச்சமும்கூட.

பழைய சீனத்தின் உண்மையான வழக்கொன்று இதைத் தெளிவாகக் காட்டும். சோங் சி என்ற நீதி அதிகாரி 1247இல் தொகுத்த பிணப்பரிசோதனை நூலில் அது வருகிறது. பாதையோரம் ஒருவன் அரிவாள் வெட்டுக் காயங்களோடு இறந்து கிடக்கிறான். உடைமைகள் அப்படியே இருப்பதால் கொள்ளை அல்ல, பகை என்று அதிகாரி முடிவு செய்கிறார். அண்மையில் ஒருவன் கடன் கேட்டுக் கிடைக்காமல் போனான் என்கிறாள் மனைவி. சுற்றுவட்டாரத்தார் அனைவரும் தங்கள் அரிவாள்களைக் கொண்டுவரும்படி ஆணையிட்டு, எழுபது எண்பது அரிவாள்களை வெயிலில் தரையில் பரப்பி வைக்கிறார்கள். கோடைக்காலம். ஈக்கள் பறந்து வந்து ஒரே ஓர் அரிவாளில் மட்டும் மொய்க்கின்றன. அது கடன் கேட்டவனுடையது. மற்றவர்களின் அரிவாள்களில் ஈ இல்லை, உன்னுடையதில் மட்டும் ஏன் மொய்க்கிறது என்று அதிகாரி கேட்டதும் அவன் தலை வணங்கிக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். கழுவிய இரும்பில் எஞ்சிய குருதி வாடையைக் கண்டது கூர்மதிதான். ஆனால் வழக்கு முடிந்தது அந்தக் கேள்வியில், கூட்டத்தின் முன்னால்.

ஒப்புதல் வேண்டும் என்ற விதியின் இருண்ட பக்கம் சித்திரவதை. டீயின் நீதிமன்றத்திலும் சவுக்கடியும் பிரம்படியும் உண்டு. அதைப் படிக்க உங்களுக்குக் கடினமாக இருக்கும், எனக்கும் கடினமாகவே இருந்தது. அதற்கும் வரம்புகள் இருந்தன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 653இல் வெளியான தாங் சட்டத் தொகுப்பின்படி ஒருவரை மூன்று முறைக்கு மேல் அடித்து விசாரிக்கக்கூடாது, மொத்த அடிகள் இருநூறைத் தாண்டக்கூடாது, இரண்டு விசாரணைகளுக்கு இடையே இருபது நாள் இடைவெளி வேண்டும். அவ்வளவுக்கும் ஒப்புக்கொள்ளாதவரைப் பிணையில் விட்டுவிட்டு, பல வழக்குகளில் குற்றஞ்சாட்டியவரையே விசாரிக்கத் திரும்புவார்கள். பொய்க் குற்றம் சாட்டியவருக்கு, அந்தக் குற்றத்துக்குரிய தண்டனையே திரும்பி வரும். ஆகவே கதையில் ஒருவர் நீதிபதி முன் மண்டியிட்டு இன்னார்தான் கொலையாளி என்று சொல்லும்போது, அவர் தன் தலையைப் பணயம் வைத்துப் பேசுகிறார்.

நீதிபதிக்கும் அதே ஆபத்து உண்டு. புதைத்த உடலைத் தோண்டியெடுக்க ஆணையிட்டு, பரிசோதனையில் குற்றத்தின் தடயம் எதுவும் கிடைக்காவிட்டால், கல்லறையைக் களங்கப்படுத்திய குற்றம் அவர் மேல் விழும். கல்லறை திறக்கப்படும் காட்சிகளில் டீயின் கைகள் அங்கியின் அகன்ற கைகளுக்குள் மறைந்திருப்பதைப் பாருங்கள். அவருடைய பதவியும் உயிரும் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன.

மரண தண்டனையை மாவட்ட நீதிபதி தானே நிறைவேற்றிவிட முடியாது. வழக்கின் காகிதங்கள் மேலதிகாரிகள் வழியாகத் தலைநகருக்குப் போய், பேரரசரின் ஒப்புதல் பெற்றுத் திரும்ப வேண்டும். எனவே நாவலின் கடைசி அத்தியாயம் சில வாரங்களோ மாதங்களோ தாண்டித் தொடங்கினால், பக்கம் விட்டுப்போய்விட்டது என்று எண்ண வேண்டாம்.

4. வழக்கின் காகிதங்களைக் கண்காணியுங்கள்

இந்தக் கதைகளில் துப்புகள் பெரும்பாலும் ஆவணங்களுக்குள் ஒளிந்திருக்கின்றன. பிறப்பு, திருமணம், இறப்பு, நிலவுரிமை ஆகிய பதிவேடுகளெல்லாம் நீதிமன்றக் காப்பகத்தில் இருக்கும். டீயின் உதவியாளர்களில் முதியவரான சார்ஜென்ட் ஹூங் தூசி படிந்த பெட்டியிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்து வந்து வாசிக்கும் பக்கங்களை வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள். நிலத்தை யார் யாரிடமிருந்து எப்போது வாங்கினார்கள் என்ற ஒரு வரி பிறகு உயிர் பெறும்.

பிணப்பரிசோதனை நீதிபதியின் முன்னிலையில் நடக்கும். உடலைப் பாயில் கிடத்தி, வெந்நீராலும் காடியாலும் துடைத்து, தலையிலிருந்து கால்வரை ஒவ்வோர் உறுப்பாகப் பார்த்துப் பரிசோதகர் உரக்கச் சொல்ல, அரசுப் படிவத்தில் அது பதிவாகும். பரிசோதகர் பெரும்பாலும் ஊரின் மருந்துக்கடைக்காரர்; தொழில்முறை மருத்துவர் அல்லர். அவர் சொல்லாமல் விட்டது என்ன என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.

வாக்குமூலத்தை எழுத்தர் எழுதி, கூடத்தில் உரக்க வாசித்து, சொன்னவரின் பெருவிரல் ரேகையைப் பெற வேண்டும். கொலை நடந்த அறையின் கதவில் நீதிமன்ற முத்திரையிட்ட தாள் ஒட்டப்படும். அந்தத் தாள் கிழிந்திருக்கிறதா, மாற்றி ஒட்டப்பட்டிருக்கிறதா என்பது வெறும் அலங்கார விவரம் அன்று.

5. பெயர்களுக்கு ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள்

சீனப் பெயர்களில் குடும்பப் பெயர் முன்னால் வரும். மா ஜூங் என்பவரின் குடும்பப் பெயர் மா. தாவ் கானின் குடும்பப் பெயர் தாவ். நூலின் தொடக்கத்தில் கதைமாந்தர் பட்டியல் இருக்கும், வழக்கு வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அதை அப்படியே ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். பெயருக்கு எதிரே தொழிலையும் குறித்துவையுங்கள். பட்டு வணிகர், கப்பல் உரிமையாளர், ஓய்வுபெற்ற பேராசிரியர் என்று தொழிலோடு நினைவில் வைத்தால் லின், லியு, லி ஆகியோர் ஒருவரோடொருவர் கலந்துவிட மாட்டார்கள்.

ஊர்ப் பெயர்களின் எழுத்துக்கூட்டு இன்றைய சீன வரைபடங்களோடு பொருந்தாது, ஏனெனில் ஆசிரியர் பழைய ஒலிபெயர்ப்பு முறையைப் பின்பற்றினார். ஊர்களிற் சில கற்பனையானவையும்கூட. வரைபடத்தில் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

6. நாளையும் நேரத்தையும் கணக்கிடப் பழகுங்கள்

அக்காலச் சீனத்தில் ஒரு நாள் பன்னிரண்டு பொழுதுகள். ஒவ்வொன்றும் நம்முடைய இரண்டு மணி நேரம். இரவு ஐந்து யாமங்களாகப் பிரிக்கப்பட்டு, காவலர் மரக்கட்டைகளைத் தட்டியபடி தெருக்களில் வருவார். இரவில் நகர வாயில்கள் பூட்டப்பட்டுவிடும். ஆகவே ஊருக்குள் கொலை செய்தவன் விடியும் வரை ஊருக்குள்தான் இருந்தாக வேண்டும், இல்லையேல் வாயிற்காவலருக்குத் தெரியாத ஒரு வழி அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ் வாசகருக்கு எளிதாகக் கைகொடுக்கும் ஒன்று உண்டு. சீன மாதம் அமாவாசையன்று தொடங்குகிறது. பதினைந்தாம் நாள் பௌர்ணமி. கதையில் நாள் சொல்லப்பட்டால் அன்றிரவு நிலவு எப்படி இருந்தது என்பதும் சொல்லப்பட்டதாகவே பொருள். ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் படகுப் போட்டியோடு தொடங்கும் 'தி எம்பரர்ஸ் பேர்ல்' கதையில் இரவுகள் வளர்பிறைத் தொடக்கத்தின் மங்கலான இரவுகள். எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள் விழாவையொட்டி நடக்கும் 'பொயட்ஸ் அண்ட் மர்டர்' கதையில் வானம் ஒளியோடு இருக்கும். "தோட்டத்தில் அவரைப் பார்த்தேன்" என்று ஒரு சாட்சி சொன்னால், பார்த்திருக்க முடியுமா என்று தேதியை வைத்தே சரிபார்க்கலாம். ஏழாம் மாதத்தில், இறந்தோருக்குப் படையலிடும் நாள்களில் நடப்பது 'தி ரெட் பெவிலியன்'.

பணத்தில் செப்புக் காசுகளும் வெள்ளியும் வரும். நடுவில் துளையுள்ள காசுகளைச் சரடாகக் கோப்பார்கள்; ஆயிரம் காசு ஒரு சரடு. காவலர்களுக்கும் வாயிற்காவலர்களுக்கும் யார் எவ்வளவு கொடுத்தார் என்பது கதையில் சொல்லப்பட்டால் கவனியுங்கள்.

வரலாற்று ஆர்வலருக்கு ஓர் எச்சரிக்கை. கதை தாங் காலத்தில் நடந்தாலும், உடை, வீடு, பழக்கவழக்கம் ஆகியவை பெரும்பாலும் பல நூற்றாண்டுகளுக்குப் பிந்தைய மிங் காலத்தவை. பழைய சீன நாவல்களின் மரபைப் பின்பற்றி ஆசிரியர் அறிந்தே செய்தது இது. பின்னுரைகளில் அவரே சொல்லியிருக்கிறார். மாந்தர்கள் பின்னல் சடை வைத்திருக்கவில்லை, புகையிலையோ அபினியோ புகைக்கவில்லை என்பதையும் அங்கே நினைவூட்டுகிறார், ஏனெனில் அவையெல்லாம் பின்னால் வந்தவை.

7. மூன்று வழக்குகளையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ளுங்கள்

பெரிய நாவல்களில் பொதுவாக மூன்று வழக்குகள் ஒரே நேரத்தில் ஓடும். அவை ஒன்றோடொன்று தொடர்புள்ளவையாகவும் இருக்கலாம், தொடர்பே இல்லாதவையாகவும் இருக்கலாம். உண்மையான நீதிபதிக்கு ஒரு நேரத்தில் ஒரு வழக்கு மட்டும் வருவதில்லை என்பதை அந்தப் பழைய மரபு மதித்தது. பெயர்ப் பட்டியலின் கீழே மூன்று கட்டங்கள் வரைந்து, ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் எந்த வழக்கில் என்ன தெரியவந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். இருநூறு பக்கத்தையொட்டிய நூலை விட்டு விட்டு ஒரு மாதம் படித்தால் இழை அறுந்துவிடும்; ஒரு வாரத்துக்குள் முடிக்கக்கூடிய நேரத்தில் தொடங்குங்கள்.

சில நாவல்கள் டீயோடு தொடங்குவதில்லை. மிங் காலத்தில் வாழும் ஒருவர் தனக்கு நேர்ந்த ஓர் அமானுஷ்ய அனுபவத்தைச் சொல்வதுபோல் முதல் அத்தியாயம் அமைந்திருக்கும். அது பிந்தைய காலத்துக் குரல். கதைக்கு ஒரு சாயலைத் தருவது. புரியாவிட்டால் கவலைப்படாமல் இரண்டாம் அத்தியாயத்துக்குப் போய்விட்டு, நூலை முடித்ததும் திரும்பி வந்து படியுங்கள்.

பின்னுரையை முன்னால் படிக்கவே கூடாது. எந்தப் பழைய சீன வழக்கிலிருந்து எந்தச் சூழ்ச்சியை எடுத்தேன் என்று ஆசிரியர் அங்கே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்.

இவை சிறுவர்களுக்கான கதைகள் அல்ல. தண்டனை நிறைவேற்றும் காட்சிகள், குறிப்பாக 'பெல்', 'மேஸ்' நாவல்களில், விரிவாக வருகின்றன. விலைமாதர் இல்லங்கள் அடிக்கடி வருகின்றன. டீ ஒரு கன்பூசியர். அவருக்கு மூன்று மனைவியர். பௌத்தத் துறவிகளையும் தாவோ மதத்தவரையும் வெளிநாட்டாரையும் அவர் ஐயத்தோடு பார்க்கிறார். 'கான்டன்' நாவலில் அரபு வணிகர்களைப் பற்றி அவர் பேசுவது இன்று காதில் உறுத்தும். அந்தக் காலத்து அதிகாரி ஒருவரின் மனம் என்று எடுத்துக்கொண்டாலும் சில இடங்களில் ஆசிரியரின் காலமும் தெரிகிறது என்றே நினைக்கிறேன். இதைத் தெரிந்துகொண்டே உள்ளே போவது நல்லது.

8. மூல நூல்களுக்குப் போவதற்கு உரிய நேரம்

நான்கைந்து நாவல்களுக்குப் பிறகு, வான் குலிக் 1949இல் டோக்கியோவில் வெளியிட்ட 'டீ கூங் ஆன்' என்ற மொழிபெயர்ப்பை எடுக்கலாம். டோவர் மறுபதிப்பு உண்டு. இது பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அவர் கருதிய ஒரு சீன நாவலின் முற்பகுதி. எல்லாவற்றுக்கும் முன்னால் வெளியானது என்பதால் பலர் இதிலேயே தொடங்கிக் கைவிடுகிறார்கள். இதன் முன்னுரை மட்டும் தனியாகவே படிக்கத் தக்கது. பழைய சீனத் துப்பறியும் நாவல்களில் குற்றவாளி தொடக்கத்திலேயே காட்டப்படுவதும், ஆவிகள் சாட்சி சொல்வதும், மாந்தர்கள் கணக்கில்லாமல் பெருகுவதும் வெளிநாட்டு வாசகரை ஏன் விலக்குகின்றன என்பதை அதில் விளக்குகிறார். அதையடுத்து 1211ஆம் ஆண்டின் 'தாங்யின் பிஷி' என்ற வழக்குத் தொகுப்பு. 144 வழக்குகள், இரண்டிரண்டாக இணைத்துத் தரப்பட்டவை. இதையும் 1956இல் அவரே மொழிபெயர்த்தார். ஆய்வு நூல் என்பதால் விலை அதிகம்; பல்கலைக்கழக நூலகத்தில் தேடுங்கள்.

9. தமிழில் மொழிபெயர்க்க எண்ணுபவருக்கு

இந்தக் கதைகளைப் படித்தவுடன் தமிழில் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை சிலருக்கு வரும். வரட்டும். தொடங்கும் முன் உரிமைக் காலத்தைக் கணக்கிடுங்கள். வான் குலிக் 1967 செப்டம்பரில் இறந்தார். இந்தியச் சட்டப்படி, ஆசிரியரின் வாழ்நாளில் வெளியான நூல்களுக்கு அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் அறுபது ஆண்டுகள் உரிமை நீடிக்கும். அதாவது 2027 டிசம்பர் 31 வரை; அவர் இறந்த பின் 1968இல் வெளியான 'பொயட்ஸ் அண்ட் மர்டர்' நாவலுக்கு மட்டும் 2028 டிசம்பர் 31 வரை. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் எழுபது ஆண்டுகள் என்பதால் 2037 முடியும் வரை காத்திருக்க வேண்டும். மலேசியாவில் ஐம்பது ஆண்டுகள் என்பதால் அந்தக் காலம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. உரிமைக் காலம் முடியும் முன் வெளியிட விரும்பினால் மூலப் பதிப்பகத்தின் உரிமைப் பிரிவுக்கு எழுதி, மொழி, விற்பனை நாடுகள், அச்சிடும் பிரதிகளின் எண்ணிக்கை, அச்சா மின்னூலா என்ற விவரங்களைத் தெரிவித்து, எழுத்து மூலம் ஒப்புதல் பெற வேண்டும். பதில் வரப் பல மாதங்கள் ஆகலாம். அதற்குள் அச்சகத்துக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

படங்களையும் மறக்க வேண்டாம். அவையும் ஆசிரியர் வரைந்தவையே என்பதால் அதே கணக்கு அவற்றுக்கும் பொருந்தும். ஆனால் இன்றைய பதிப்புகளின் அட்டை ஓவியமும் பிறர் எழுதிச் சேர்த்த அறிமுகவுரையும் வேறு ஆட்களுடையவை, அவற்றுக்குத் தனியே அனுமதி பெற வேண்டும்.

நூலைத் தேர்வு செய்வதிலும் நாடுகளைப் பொறுத்த சிக்கல் ஒன்று உண்டு. இந்தியாவில் உரிமை முடிந்த பிறகு இங்கே அச்சிட்ட தமிழ்ப் பதிப்பை இலங்கையில் விற்க 2038 தொடங்கும் வரை அனுமதி தேவைப்படும். மின்னூலாக வெளியிடுபவர், எந்தெந்த நாட்டில் விற்பனை என்பதைக் கடையின் அமைப்புப் பக்கத்தில் முதலிலேயே வரையறுத்துவிட வேண்டும்.